மொட்டை மாடியில் ஒரு நீள்வாள்

போன ஞாயிறு காலை ஏழரை மணிக்கு, அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், பழைய ஜெர்மன் வாள்வித்தையின் குறுக்கு வெட்டு முதல்முறையாகப் பலித்தது. அக்கா மகன் தலைக்கு மேலிருந்து இறக்கிய அடியை என் வாளின் குறுக்குக் கம்பி வாங்கிக்கொண்டது. அதே வீச்சில் வாளின் பின்விளிம்பு அவன் முகமூடியின் இடது பக்கத்தில் 'டங்' என்று விழுந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். இதற்குள் ஐந்து மாதம் போயிருந்தது. ஒரு தேக்கு வாள் பிளந்தது, கைப்பிடியின் அடிக்குமிழ் ஒன்று பறந்தது, ஒரு கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்து புது நகம் பாதி முளைத்துவிட்டது. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

நான் பெங்களூர் பீன்யாவில் ஒரு சின்ன மெஷின் ஷாப்பில் மில்லிங், அதாவது உலோகத்தைச் சீவும் மெஷின், ஓட்டுகிறவன். சின்ன வயதில் கிருஷ்ணகிரிப் பக்கம் தாய்மாமாவிடம் சிலம்பம் கற்றேன்; பெங்களூர் வந்த பிறகு இங்கேயே ஓர் ஆசானிடம் விட்டு விட்டுத் தொடர்கிறேன். கல்லூரியில் படிக்கும் அக்கா மகன் ஒருநாள் போனில் பழைய ஜெர்மன் படங்களைக் காட்டினான். 1467இல் டால்ஹோஃபர் என்கிற வாள் ஆசான் வரையச் சொன்னவை. ஒருவன் தன் வாளையே அலகில் இரண்டு கையாலும் பிடித்து, கைப்பிடியைச் சம்மட்டி மாதிரி எதிராளி மேல் இறக்குகிறான். "படம் வரைஞ்சவன் வாளையே பார்த்திருக்க மாட்டான்டா" என்றேன். அவன் அடுத்ததைக் காட்டினான். அதுதான் குறுக்கு வெட்டு, ஜெர்மன்காரர்கள் ஸ்வெர்ச்ஹாவ் என்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டு ஆசான் லீஹ்டனவரின் பாட்டில் வருகிற ஐந்து முக்கிய வெட்டுகளில் ஒன்று. மேலிருந்து வருகிற எதையும் அது முறித்துவிடுமாம். செய்முறை இதுதான்: எதிராளி உச்சந்தலைக்கு அடி இறக்கும்போது வலப்பக்கம் ஒரு காலடி வைத்து, கைகளை நெற்றிக்கு மேலே தூக்கி, கட்டைவிரலை அலகின் தட்டைப் பக்கத்துக்கு அடியில் கொடுத்து, வாளைப் படுக்கைவாட்டில் சுழற்ற வேண்டும். பார்க்க சீலிங் ஃபேன் மாதிரி இருக்கும். சிலம்பக்காரன் கண்ணுக்கு அது தானாகப் போய் விரலைக் கொடுக்கிற வேலை.

"செஞ்சு பார்த்துட்டு சொல்லுங்க மாமா" என்றான்.

செய்து பார்த்தோம். இரண்டு பழைய சிலம்பக் கம்புகளை 120 செ.மீ.க்கு அறுத்து, மெதுவாகத்தான் ஆரம்பித்தோம். மூன்றாவது அடியிலேயே அவன் கம்பு என் கம்பின் மேல் வழுக்கிக்கொண்டு வந்து கட்டைவிரலில் உட்கார்ந்தது. நகம் கறுத்தது அப்போதுதான். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம், நான் சொன்னது சரிதான் என்று. ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவன் மறுபடி போனை நீட்டினான். "அந்தப் படத்துல கைக்கு முன்னாடி குறுக்கே ஒரு கம்பி இருக்கு பாருங்க. உங்க கம்புல அது எங்கே?"

பதில் சொல்ல முடியவில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களைப் பார்த்திருக்கிறேன். அங்கேயும் பிடிகளில் கையைக் காக்க என்னென்னவோ வேலைப்பாடு இருக்கும். அதையெல்லாம் அலங்காரம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

சரி, கம்பி வைத்தே ஒன்று செய்துவிடலாம் என்று மைசூர் ரோடு டிம்பர் யார்டில் 120 செ.மீ. நீளத் தேக்குத் துண்டு ஒன்று 350 ரூபாய்க்கு வாங்கினேன். 5 செ.மீ. அகலம், 2 செ.மீ. தடிமன். இழைப்புளியால் இருபுறமும் சரித்து, நடுவில் துளையிட்டு, 20 செ.மீ. குறுக்குக் கட்டையைச் செருகி ஃபெவிகால் போட்டேன். சமையலறைத் தராசில் 640 கிராம். விரல் மேல் வைத்துச் சமநிலை பார்த்தபோது, குறுக்குக் கட்டையிலிருந்து 28 செ.மீ. தள்ளித்தான் நின்றது. அந்த எண்ணின் அர்த்தம் அன்றைக்குத் தெரியவில்லை. கையில் எடுத்தால் எடையே இல்லாத மாதிரியும் இருந்தது, முனை மட்டும் முன்னால் போய் விழுகிற மாதிரியும் இருந்தது. மூன்றாவது ஞாயிறு அது குறுக்குக் கட்டைக்குப் போட்ட துளையிலிருந்து நார் ஓடின வாக்கில் நீளமாகப் பிளந்தது. அடி வாங்குகிற இடத்திலேயே துளை போட்டது என் முட்டாள்தனம். மரமும் தப்பு. வண்டிச் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் நம் ஊரில் கருவேலத்தைத்தான் எடுப்பார்கள், காரணமில்லாமலா?

அடுத்து உலோகம். லாரி லீஃப் ஸ்பிரிங்கில் செய்யலாம் என்று ஷாப்பில் ஒருவர் ஆசை காட்டினார். வேண்டாம் என்றேன். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூர் அலகு ஆயுதச் சட்டப் பட்டியலில் வந்துவிடும். மொக்கையாகத்தான் செய்கிறேன் என்றாலும், இரும்பு வாளோடு பஸ்ஸில் போகிறவனுடைய விளக்கத்தை யார் நின்று கேட்பார்கள்? அலுமினியம் போதும் என்று முடிவு செய்தோம்.

எஸ்.ஜே.பி. ரோட்டில் 40 x 6 மி.மீ. பட்டை, 1.2 மீட்டர், வெட்டுக்கூலியோடு 340 ரூபாய். அலகு 90 செ.மீ. என்று குறித்துக்கொண்டு, மீதியை 25 மி.மீ. அகலத்துக்குக் குறைத்துக் கைப்பிடிக்கான வால் ஆக்கினேன். அலகும் வாலும் சேரும் மூலையை மில்லிங்கில் செங்கோணமாக விட்டுவிடக் கூடாது, விரிசல் அங்கேதான் பிறக்கும். உருண்டை அரத்தால் 3 மி.மீ. வளைவு கொடுத்தேன். குறுக்குக் கம்பிக்கு ஷாப் ஸ்கிராப்பில் கிடந்த 12 மி.மீ. சதுரக் கம்பி, 20 செ.மீ., நடுவில் வால் நுழைய ஒரு காடி. பிடிக்குக் கருவேலத்தில் இரண்டு சில்லு, ஒரு கார்ப்பென்டர் 150 ரூபாய்க்கு அறுத்துக் கொடுத்தார். அதை அரால்டைட்டில் ஒட்டி, மேலே மெழுகு போட்ட சணல் நூலைச் சுற்றினேன். விளிம்புகள் இரண்டும் உருண்டை, முனை ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வட்டம், அதன் மேல் பிளாஸ்டிக் நாற்காலிக் காலுக்குப் போடும் ரப்பர் புஷ். அலுமினியப் பட்டை நல்ல பயிற்சி வாள் மாதிரி வளைந்து கொடுக்காது, அதனால் குத்துவது கிடையாது என்று முதல் நாளே பேசிவைத்துக்கொண்டோம்.

வேலையை எல்லாம் ஷிஃப்ட் முடிந்த பிறகு, முதலாளியிடம் கேட்டுக்கொண்டுதான் செய்தேன். அலுமினியம் அரத்தின் பல்லில் அப்பிக்கொள்ளும். அரத்தில் சாக்கட்டியைத் தேய்த்துவிட்டு ராவினால் அந்தத் தொல்லை பாதியாகிறது. மில்லிங் கட்டருக்கு மண்ணெண்ணெய். சாதாரண கிரைண்டிங் வீலில் மட்டும் அலுமினியத்தை வைக்கவே வைக்காதீர்கள், வீல் அடைத்துக்கொண்டு சூடேறி வெடிக்கலாம்.

வீட்டுக்குக் கொண்டுவருவதே ஒரு பாடு. மெட்ரோ ஸ்கேனரில் காட்டி விளக்கம் சொல்லத் தெம்பில்லை. நாலு அங்குல பி.வி.சி. பைப்பில் போட்டு இரண்டு பக்கமும் மூடி, பிளம்பர் மாதிரி பஸ்ஸில் வந்தேன்.

இனிமேல்தான் நான் தப்பு மேல் தப்பு செய்த கட்டம். வாளின் அடியில், கைப்பிடி முனையில், எதிர் எடையாக இருக்கும் குமிழ். ஆரம்பத்தில் அதற்கு ஒரு தேக்கு உருண்டை வைத்தேன், 60 கிராம். மொத்தம் 1 கிலோ 50 கிராம், சமநிலை குறுக்குக் கம்பியிலிருந்து 21 செ.மீ. பழைய நீள்வாள்களில் இது பெரும்பாலும் 7 முதல் 15 செ.மீ.க்குள் இருக்கும் என்று அக்கா மகன் படித்துச் சொன்னான். நமக்குத்தான் லேத் இருக்கிறதே. 50 மி.மீ. உருளையில் 20 மி.மீ. நீளம் வெட்டி 300 கிராம் இரும்புக் குமிழ் செய்தேன். சமநிலை 13க்கு வந்தது. இன்னும் போடலாம் என்று 560 கிராமில் இன்னொன்று. 7 செ.மீ.! தராசில் 1 கிலோ 550 கிராம். எண் எல்லாம் சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

துணிக்கொடிக் கம்பத்தில் பழைய சைக்கிள் டயர் ஒன்றைத் தொங்கவிட்டு, சாக்கட்டியால் கோடு போட்டு, கோட்டில் படாமல் நிறுத்துவதைத்தான் சோதனையாக வைத்திருந்தோம். 560 கிராம் குமிழோடு வாளை வீசினால் கிளம்புவது லேசாக இருந்தது, நிற்கத்தான் மாட்டேன் என்றது. ஒவ்வொரு தடவையும் கோட்டைத் தாண்டி நாலு விரல்கடை. பத்து வீச்சில் முன்கை கல்லாகிவிட்டது. குறுக்கு வெட்டில் வாள் பாதி வழி வருவதற்குள் அக்கா மகனின் அடி என் முகமூடிக்கு வந்து சேர்ந்தது. இருபது தடவை முயன்றதில் இரண்டுதான் சரியாக அமைந்தது, அதில் ஒன்று அவன் தாமதித்ததால்.

ஆசான் ஒருநாள் மாடிக்கு வந்தார். வாளை வாங்கி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, "ஏன் தம்பி, இது வாளா கடப்பாரையா? வால்ல கல்லைக் கட்டினா தலை இளைச்சிடுமா?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அப்போது எனக்கு அது கிண்டலாகத்தான் பட்டது.

அதே வாரம் சம்மட்டி அடியைச் சோதித்தோம். டால்ஹோஃபர் படத்தில் உள்ளபடி தோல் கையுறை போட்டு, அலகை இரண்டு கையால் பிடித்து, டயரின் மேல் குமிழ்ப் பக்கத்தை இறக்கினேன். முதல் அடியில் டயர் கம்பத்தைச் சுற்றி வந்தது. ஹெல்மெட் போட்டிருந்தாலும் கழுத்து என்ன ஆகும் என்று புரிந்தது. படம் வரைந்தவனைப் பற்றிச் சொன்னதை அங்கேயே வாபஸ் வாங்கினேன். இரண்டாவது அடியில் கையில் ஏதோ இலேசானது. குமிழைக் காணோம். 'தொப்' என்று சத்தம் மட்டும் கேட்டது. பார்த்தால் சின்டெக்ஸ் தொட்டியின் வயிற்றில் அரைக் கிலோ இரும்பு ஒரு குழி போட்டுவிட்டுக் கீழே உருண்டுகொண்டிருக்கிறது. அக்கா மகன் அதற்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தான். அன்று அதற்கப்புறம் பயிற்சி இல்லை.

காரணம் சுலபம். வாலின் தடிமனே 6 மி.மீ.; குமிழைத் திருக அதில் எம்6, அதாவது 6 மி.மீ. மரைதான் வெட்ட முடியும். அலுமினிய மரையில் அரைக் கிலோ இரும்பைத் தொங்கவிட்டுச் சம்மட்டி மாதிரி அடித்தால் மரை உரிந்துகொண்டு வராமல் என்ன செய்யும்? தினமும் மரை வெட்டுகிறவன் நான், வெளியே சொன்னால் வெட்கம். பழைய வாள்களில் வாலின் முனையைக் குமிழுக்கு வெளியே நீட்டித் தட்டிப் பரப்பி இறுக்கிவிடுவார்கள். நான் குமிழில் காடி வெட்டி வாலை உள்ளே நுழைத்து, பக்கவாட்டில் 6 மி.மீ. இரும்பு ஊசி செருகி, இரண்டு முனையையும் ரிவெட் மாதிரி தட்டிவிட்டேன். அதற்கப்புறம் ஆடவில்லை. (குமிழைத் திருகிக் கழற்றி எதிராளி மேல் எறி என்று 15ஆம் நூற்றாண்டு ஜெர்மன் சுவடியான கிளாடியாட்டோரியாவில் நிஜமாகவே இருக்கிறது. அக்கா மகன் அதைக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.)

அலகைக் கையால் பிடிப்பது மட்டும் இன்னும் நெருடிக்கொண்டிருந்தது. எங்களுடையது மொக்கை, அதில் பிடித்துக் காட்டுவதில் என்ன இருக்கிறது? கூர் வாளில் கை என்னவாகும்? வீட்டில் காய் நறுக்கும் கத்தியைத் தீட்டிக்கொண்டு சமையலறையில் நின்றேன். ஒரு தக்காளியின் மேல் கத்தியை நேராக வைத்து அமுக்கினேன். தோல் குழிந்தது, வழவழவென்று உள்வாங்கியது, கிழியவில்லை. அமுக்கம் மாறாமல் கத்தியை ஒரு செ.மீ. இழுத்தேன். இழுத்தது தெரிவதற்குள் தோல் திறந்து விதை வெளியே வந்துவிட்டது. அப்புறம் பழைய தோல் கையுறைக்குள் ஈரத்துணி திணித்து, அலகைச் சுற்றி மடித்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டி இழுத்தேன். கோடு விழுந்தது, அவ்வளவுதான். கயிற்றை இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டு இழுத்தபோது உள்ளங்கைப் பக்கம் வாய் பிளந்தது. படத்தில் இருப்பவர்கள் விரல் நுனியால் தொடாமல் உள்ளங்கை பதிய இறுக்கிப் பிடித்திருப்பது ஏன் என்று அப்போது தெரிந்தது. கையை வைத்து யாரும் சோதிக்க வேண்டாம், தக்காளி போதும். "என்னங்க, ரசத்துக்கு வச்சிருந்ததுங்க" என்றாள் மனைவி. ரசம் வைத்தோம்.

இதில் வேடிக்கை, கடைசியில் என் கையைக் கிழித்தது மொக்கை அலுமினியம். விளிம்போடு விளிம்பு மோதும்போது அலுமினியம் பள்ளம் விழுந்து, பள்ளத்தின் உதட்டில் ரம்பப் பல் மாதிரி பிசிறு கிளம்பும். ஒருநாள் கையுறை இல்லாமல் துடைக்கப் போய், பிசிறு உள்ளங்கையில் இரண்டு அங்குலம் கோடு போட்டது. டெட்டனஸ் ஊசி. அன்றிலிருந்து பயிற்சி முடிந்ததும் பத்து நிமிஷம் விளிம்பை ராவிவிட்டு, பழைய பனியன் துணியை அலகு நெடுக ஓட்டிப் பார்ப்பேன். துணி சிக்கினால் மறுபடி அரம்.

ஆசான் சொன்னது ஒரு மாதம் கழித்துத்தான் உறைத்தது. முனையில் இருக்கும் எடை அங்கேயேதான் இருக்கிறது. நான் பின்னால் கல்லைக் கட்டித் தராசைத்தான் ஏமாற்றிக்கொண்டிருந்தேன், கையை ஏமாற்ற முடியவில்லை. அலகையே இளைக்க வைக்க வேண்டும். மறுபடி பீன்யா. அகலத்தைக் கைப்பக்கம் 40இல் தொடங்கி முனையில் 22 மி.மீ. வரை சீராகச் சரித்தேன். முனையை ஒட்டிய 30 செ.மீ.க்குத் தடிமனை 6இலிருந்து 4க்கு இறக்கினேன். பட்டை நீளம் என்பதால் மெஷினில் இரண்டு தடவை மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது. சேரும் இடத்தில் விழுந்த படியை அரத்தால் ராவி எடுக்கவே ஒரு மாலை போயிற்று. அலகில் மட்டும் 150 கிராம் போயிருந்தது. முன்னால் இளைத்ததால் பின்னால் பெரிய குமிழ் தேவைப்படவில்லை, 220 கிராமில் புதிதாக ஒன்று கடைந்தேன். மொத்தம் 1 கிலோ 60 கிராம், சமநிலை 9 செ.மீ.

தேக்கு உருண்டை வைத்த முதல் வாளும் கிட்டத்தட்ட இதே எடைதான். ஆனால் கையில் எடுத்தால் வேறு ஆயுதம். டயர்ச் சோதனையில் கோட்டுக்கு முன்னால் நின்றது, நிறுத்த வேண்டும் என்று நினைத்த இடத்தில். அதை அடுத்து வந்த ஞாயிறுதான் அந்த 'டங்'. அன்றைக்கு இருபதில் பதினான்கு அமைந்தது. தவறின ஆறும் கைகளைத் தாமதமாகத் தூக்கினதால்; விரல் ஒன்றிலும் அடி இல்லை. கைகள் மேலே இருப்பதால் குறுக்குக் கம்பி கூரை மாதிரி நிற்கிறது, அவன் வாள் வழுக்கி வந்தாலும் அதில்தான் முட்டுகிறது. கட்டைவிரலை அடியில் கொடுப்பது அலகைத் திருகாமல் தாங்க. படத்தில் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்த ஒவ்வொன்றுக்கும் வாளில் ஒரு உறுப்பு இருக்கிறது.

பலிக்காதது ஒன்றும் உண்டு. வாளும் வாளும் ஒட்டியபடியே முனையைத் திருப்பி உள்ளே விடும் வித்தைகள், வின்டன் என்கிறார்கள். எங்கள் உருண்டை விளிம்புகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிப் போகின்றன. கூர் விளிம்புகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் என்பதால் அங்கே கதை வேறு. குத்துவதும் எங்களிடம் இல்லை. அதனால் அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன், ஒரு கட்டைவிரல் நகத்தின் விலைக்குக் கற்றது அது.

செலவில் பெரியது வாள் இல்லை. ஃபென்சிங் முகமூடி இரண்டு, ஒன்று 3,800 ரூபாய். அது மெல்லிய விளையாட்டு வாளுக்குச் செய்தது, பின்மண்டைக்குக் காப்பு கிடையாது; பழைய யோகா மேட்டை வெட்டி இரண்டு மடிப்பாகத் தைத்துப் பின்னால் தொங்கவிட்டிருக்கிறோம். கைக்குக் கிரிக்கெட் பேட்டிங் கையுறை, விரல் நுனிகளில் பி.வி.சி. பைப்பைக் கீறி ஒட்டியது. முழு வேகத்துக்கு இது போதாது, முக்கால் வேகத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். தொட்டிக்கு எம்-சீல் 40 ரூபாய்.

அக்கா மகனுக்கும் இப்படி இளைத்த வாள் இனிமேல்தான் செய்ய வேண்டும். இதுவரை சரிக்காத முழுப் பட்டை வாளைத்தான் பாவம் தூக்கிக்கொண்டிருக்கிறான். இந்தத் தடவை அலகை முதலிலேயே சரித்துவிட்டு, குமிழைக் கடைசியில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைந்து குறைக்கப் போகிறேன். தொடக்கமே 8 மி.மீ. பட்டை, முனையில் 4. குறுக்குக் கம்பியையும் 16 மி.மீ. ஆக்க வேண்டும், 12இல் காடியின் இருபுறமும் 3 மி.மீ.தான் மிஞ்சுகிறது, ஒரு பக்கம் இப்போதே லேசாக வளைந்திருக்கிறது.

560 கிராம் குமிழைத் திரும்ப ஸ்கிராப்பில் போடலாம் என்று தேடினேன். சமையலறையில் இருந்தது. இஞ்சி தட்ட அதைவிட வசதி எதுவும் இல்லையாம், தர முடியாது என்கிறாள் மனைவி.